மலையடியில் ஒரு சுற்று

விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் பேசப்படுபவை பெரும்பாலும் இரண்டே ஊர்கள்: ஒன்று கொடைக்கானல், மற்றொன்று மூணாறு. வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, விடியுமுன் புறப்பட்டு, வளைவுதோறும் குழந்தைகள் வாந்தியெடுக்க, ஏரிக்கரையில் கூட்டத்தோடு கூட்டமாய் நின்று படம் பிடித்துக்கொண்டு, நள்ளிரவில் வீடு திரும்புகின்றோம். மறுநாள் கேட்டால் மலையைப் பார்த்ததாகவே கூறுவோம். உண்மையில் நாம் பார்த்தது மலைமேல் உள்ள கடைத்தெருவையே.

சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் நாங்கள் மலையேறவில்லை. மலையின் அடியைச் சுற்றி நடந்து வந்தோம். அதற்குக் காரணம் எங்கள் அன்னையார். எழுபத்து நான்கு வயது; முழங்கால் வலி. பொட்டிபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, பதினெட்டு வயதில் மணமாகி மதுரைக்கு வந்தவர். பிறந்த மண்ணில் உறவினர் எவரும் இப்போது இல்லை. "என் ஐயா நடந்த பாதையை ஒருதரம் பார்த்துட்டு வந்துருவமா?" என்று அவர் கேட்டபோது எம்மால் மறுக்க இயலவில்லை.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இரயில் மீண்டும் ஓடுகின்றது. 1928ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்த மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதைப் பணிக்கென 2010ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்தது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் நாள்தான் போடிக்கு மறுபடியும் வண்டி வந்தது. அன்னையார் சன்னலோரத்தில் அமர்ந்து, ஆண்டிபட்டிக் கணவாயைக் கடக்கும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அன்றிரவு போடியில் தங்கினோம். ஊர் முழுவதும் ஏலக்காய் மணம். ஆணும் பெண்ணுமாய் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிக் கேரளத்துத் தோட்டங்களுக்குச் செல்வதும், ஊருக்குள் பெண்கள் காய்களைத் தரம் பிரித்துப் புடைப்பதும், நறுமணப்பொருள் வாரியத்தின் ஏலமும் இவ்வூரின் அன்றாடம். மலைமேல் விளைவது கேரளத்தில். பறிக்கும் கைகளும் விற்கும் சந்தையும் பெருமளவு இங்கே.

மறுநாட்காலை தேவாரம் செல்லும் பேருந்தில் ஏறிப் பொட்டிபுரத்தில் இறங்கியபோது மணி ஆறரை. நாங்கள் ஐவர்: அன்னையார், யாம், எம் மனைவி, பத்து வயதும் பதினான்கு வயதுமான மக்கள் இருவர். கையில் நான்கு போத்தல் தண்ணீர், இட்லிப் பொட்டலம், அன்னையாருக்கு ஒரு ஊன்றுகோல்.

ஊரை விட்டு மேற்கே வண்டிப்பாதையில் திரும்பியவுடன் மலை எதிரே நிற்கின்றது. போடி மேற்கு மலைகள் என்று அரசுப் பதிவுகளிலும், அம்பரப்பர் மலை என்று மக்கள் வாயிலும் வழங்கும் இதன் உச்சி கடல்மட்டத்திற்கு மேல் 1,589 மீட்டர். காலையில் மேற்கு நோக்கிச் செல்வோருக்குக் கதிரவன் முதுகுப்புறம் இருப்பான். மலைமுகம் முழுவதும் ஒளியில் கிடக்கும். மாலையில் சென்றால் மலை வெறும் கரிய நிழலாய்த் தெரியும். ஆகவே இச்சுற்றைக் காலையிலேயே நடக்க வேண்டும் என்பது எம் கருத்து.

பாதையின் இருமருங்கும் மொச்சையும் சோளமும், அவற்றுக்கிடையே தென்னையும். அங்கங்கே இலவமரங்கள் இலையுதிர்த்து, கைகளைக் கிடையாக நீட்டினாற்போல் நின்றன. போடி வட்டாரத்தின் இலவம்பஞ்சு தமிழகமெங்கும் மெத்தையாவதை நம் வாசகர்கள் அறிவர். மரத்தைப் பார்த்தவர் குறைவு. "இதுலயா தலையணை காய்க்குது?" என்று இளையவன் வியந்தான். பங்குனி சித்திரையில் காய் வெடிக்கும்போது வந்திருந்தால் அவனுக்கு இன்னும் வியப்பாயிருந்திருக்கும். ஆனால் அந்த மாதங்களில் இங்கே நடக்கலாகாது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

அரைமணி நடந்தபின் ஓடையொன்று குறுக்கிட்டது. மணலும் உருண்டைக் கற்களும். நடுவில் நூல்போல் சிறிது நீர். அதைக் கடந்தால் நிலத்தின் தன்மையே மாறிவிடுகின்றது. பயிர் நின்று, உசிலையும் வெள்வேலும் கள்ளியும் தொடங்குகின்றன. மலைக்கு அப்பால் கேரளத்துச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும்போது, இப்பக்கத்திற்கு வருவது காற்று மட்டுமே. ஐப்பசி, கார்த்திகை மழையே இவ்வடிவாரத்தின் உயிர். ஒரே மலையின் முதுகில் ஏலச்சோலையும் முன்புறத்தில் முட்காடும் இருப்பதைப் பள்ளிப் புத்தகத்தில் மழைமறைவுப் பகுதி என்று மூத்தவள் படித்திருக்கின்றாள். மேலே நீலப்பச்சை, கீழே சாம்பற்பச்சை என்று பிரிந்து கிடந்ததைக் கண்ணால் கண்டபோதுதான் அவள் அச்சொல்லைத் தானே எடுத்துக் கூறினாள்.

ஓடைக்கு அப்பால் வலப்புறம் திரும்பி, மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தோம். காட்டின் எல்லைக்கற்களுக்கு வெளியே, மாடுகள் மிதித்துண்டாக்கிய பாதை. இங்கேதான் அன்னையார் நின்றார். அவருடைய தந்தையார் ஏலத்தோட்டத் தொழிலாளி. திங்கட்கிழமை கோழி கூவுமுன் தலையில் அரிசிப்பையோடு புறப்பட்டு, தேவாரத்திற்கு மேற்கே சாக்குலூத்து மெட்டின் ஒற்றையடிப் பாதையேறி, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் செல்வாராம். சனிக்கிழமை பொழுதடையும்போது இவ்வடிவாரப் பாதைவழியே திரும்புவாராம். பிள்ளைகள் ஓடைக்கரையில் காத்திருப்பார்களாம். "முதல்ல ஏலக்கா வாசம் வரும், அப்புறந்தான் ஐயா வருவாக" என்றார். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய வாசனை அது.

அவ்வேளையில் மணியோசை கேட்டது. ஐம்பது அறுபது மாடுகள் புதர்களை ஒதுக்கிக்கொண்டு வந்தன. தேனிப் பக்கத்து மலைமாடுகள்: உடல் சிறியது, கால் உறுதி, கொம்பு கூர். இவற்றை வீட்டில் கட்டிப் போட்டுத் தீவனம் வைத்து வளர்ப்பதில்லை. பகலில் மலைச்சரிவில் மேயவிட்டு, இரவில் தொழுவத்திலோ வயலில் கிடையாகவோ அடைப்பார்கள், எரு நிலத்துக்கு. மாடுகளின் பின்னே கோலோடு வந்த முதியவர் அன்னையாரைப் பார்த்து, "எங்கிட்டுத் தாயி போறீக, இந்தப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு?" என்றார். அன்னையார் தம் தந்தையாரின் பெயரைச் சொன்னார். முதியவருக்கு அவரை நேரில் தெரியாது. அந்த வீடு இருந்த இடம் தெரியும். அது போதுமானதாயிருந்தது. இருவரும் பாறைமேல் அமர்ந்து, இறந்தவர்களைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள்.

இதற்குள் இளையவன் சரிவில் ஏறத் தொடங்கியிருந்தான். முதியவர் குரல் கொடுத்தார்: "ஏலேய், எறங்குலே! அது பாரஸ்ட் எடம். புல்லுக் காயுற காலத்துல மேல போனவுக எத்தன பேரு திரும்பல, தெரியுமா?"

அவர் குறிப்பிட்டது குரங்கணியை. போடிக்கு வடமேற்கே, கொழுக்குமலைச் சரிவில், 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஞாயிறன்று, சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் மலைநடைக்கு வந்திருந்த இரு குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். உயிரிழந்தோர் இருபத்து மூவர், பெரும்பாலோர் இளையோர். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்திற்கு மனிதர் காலால் ஈடுகொடுக்க இயலாது. அதுல்ய மிஸ்ராவின் தலைமையில் அரசு விசாரணை நடத்தியது. அதன்பின் மலைநடைக்கென விதிகள் வகுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழக வனத்துறை நாற்பது தடங்களைத் தேர்ந்து, முன்பதிவு, கட்டணம், உள்ளூர் வழிகாட்டி என்ற ஏற்பாட்டோடு திறந்துள்ளது. மலைமேல் செல்ல விரும்புவோர் அவ்வழியே செல்வதே முறை. மாசி முதல் வைகாசி வரை இச்சரிவுகளின் பக்கம் வரலாகாது என்று மேலே கூறியதன் காரணமும் இதுவே. அடிவாரத்தில் நடப்போரும் பீடி, தீப்பெட்டி எடுத்து வரவேண்டாம்.

இளையவன் முகம் வாடி இறங்கினான். அவனுக்காக முதியவர் எல்லைக்கு வெளியே இருந்த ஒரு சிறு கரட்டைக் காட்டினார். பத்து நிமிட ஏற்றம். அன்னையாரும் ஊன்றுகோலோடு பாதிவரை வந்து, போதுமென அமர்ந்துவிட்டார்.

அக்கரட்டின்மேல் நின்று கிழக்கே பார்த்த காட்சியை எவ்வாறு எழுதுவது! காலடியில் சாம்பல் நிற முட்காடு. அதன்பின் திட்டுத்திட்டாய்த் தோப்புகள். அதற்கும் அப்பால் நெடுந்தொலைவில் பனிப்புகைக்குள் கம்பம் பள்ளத்தாக்கின் நடுப்பகுதி அடர்பச்சையாய் ஓடுகின்றது. அதற்கும் பின்னே மேகமலைத் தொடர் நீலமாய், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அடுக்கு. அந்தப் பச்சை 1895ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாற்று நீர் கிழக்கே திருப்பப்பட்டபின் நிலைபெற்றது. இம்மேட்டு நிலங்கள் அந்நீருக்கு எட்டாதவை. உத்தமபாளையம், போடி வட்டங்களின் கண்மாய்களுக்கென வெட்டிய 18ஆம் கால்வாயில் என்று நீர் திறப்பார்கள் என்பதே இங்குள்ள உழவர்களின் ஆண்டுதோறுமான கேள்வி. தண்ணீர் பெற்ற ஊரும் பெறாத ஊரும் ஒரே பார்வையில் தெரியும் இடங்கள் அதிகமில்லை.

திரும்பி மேற்கே பார்த்தால் மலை. இந்த மலையின் பெயர் சில ஆண்டுகள் நாளிதழ்களில் நாள்தோறும் அடிபட்டது. நியூட்ரினோ எனும் நுண்துகளை ஆராய இதன் அடியில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்பாலான கருவியொன்றை அமைப்பதென்று திட்டமிடப்பட்டது. அத்துகள் நம் உடலினூடேயும் மலையினூடேயும் தடையின்றிச் செல்வது. மற்ற விண்கதிர்களைத் தடுத்து வடிகட்டவே எல்லாப் பக்கமும் 1 கிலோமீட்டருக்குக் குறையாத பாறைப் போர்வை வேண்டியிருந்தது. சார்னோக்கைட் எனும் கடினப் பாறையாலான இம்மலை அதற்கு ஏற்றதெனத் தேர்ந்தனர். முதலில் எண்ணிய நீலகிரியின் சிங்காரா, புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009இல் கைவிடப்பட்டது. நம் நாட்டுக்கு இத்துறையில் பெருமையுண்டு என்பதையும் சொல்லவேண்டும்: வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தை உலகில் முதன்முதலாகக் கண்ட இடங்களுள் ஒன்று, 1965இல், கோலார் தங்கச் சுரங்கம்.

2015ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தடை. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் மீண்டும் அனுமதி. கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருந்தமையால் வனவிலங்கு வாரியத்தின் இசைவும் வேண்டியதாயிற்று. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், இது புலிகள் நடமாடும் வழி என்று கூறி, இத்திட்டத்தை அனுமதிக்க இயலாதெனத் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. சுரங்கம் குடையப்படவில்லை.

வெடியால் அணைகளுக்கு ஆபத்து வருமா, துகளால் உடலுக்குத் தீங்கு நேருமா என்றெல்லாம் அந்நாட்களில் மேடைதோறும் பேசினர். துகளைப் பற்றிய அச்சம் ஆதாரமற்றது என்பதே எம் கருத்து; அது இப்போதும் நம்மை ஊடுருவியபடியேதான் இருக்கின்றது. பாறைக்கழிவு, புழுதி, நீர் ஆகியன பற்றிய கேள்விகள் அவ்வாறு தள்ளத்தக்கன அல்ல. ஆனால் முதியவரிடம் நாங்கள் இதைக் கேட்டபோது அவர் துகளையும் பேசவில்லை, அணையையும் பேசவில்லை. "வேலி போட்டா மாடு எங்கிட்டுப் போகும்னு கேட்டோம். அதுக்கு யாரும் பதில் சொல்லல" என்றார். இப்போது அவருக்குக் கவலை வேறொன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் உயர்நீதிமன்றம் முதலில் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்து, பின்னர் அதனைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டுமென மாற்றியது. பள்ளத்தாக்கின் மறுபுறத்து மேகமலை 2021இலேயே புலிகள் காப்பகமாகிவிட்டது. "அங்க நின்னுபோச்சு. இங்க விட்டிருக்காக. எந்நாள் வரைக்கும்னு தெரியல." புலியும் வாழவேண்டும், மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு மனிதர் எழுபது ஆண்டுகள் நடந்த பாதையைப் பற்றிய முடிவு அவரைக் கேளாமலே எழுதப்படுவது எமக்கு உறுத்தியது.

கரட்டிலிருந்து இறங்கி, முதியவரிடம் விடைபெற்று, அன்னையாரின் பிறந்த ஊரை நோக்கிக் கிழக்கே திரும்பினோம். தந்தையார் வீடு திரும்பிய அதே தடம் என்று அன்னையார் முன்னே நடந்தார். இருநூறு அடி தொலைவில் பாதை முடிந்தது. குறுக்கே புதிய முள்கம்பி வேலி. அப்பால் மொச்சைக்காடு, அதற்கும் அப்பால் பாதையின் மிச்சம் தெளிவாய்த் தெரிந்தது. வந்த வழியே திரும்புவதெனில் ஒன்றரை மணி நேரம், வெயிலோ ஏறிவிட்டது. அன்னையார் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "இது வழிதானே? இது வழிதானே?" என்று இருமுறை கேட்டார். எங்களிடம் கேட்டதாகத் தோன்றவில்லை.

நடைபாதை பற்றி வேறொரு நாட்டில் செய்துள்ள ஏற்பாடு அப்போது எம் நினைவுக்கு வந்தது. பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் இத்தகைய சிறு சுற்றுநடைகள் மிகப் பிரபலம். சிற்றூர்க் கோயிலருகே தொடங்கி, வயல்களின் ஊடே ஏறி, குன்றின் தோளைச் சுற்றி, இரண்டு மணியில் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்வார்கள். தனியார் நிலத்தின் ஊடே செல்லும் பாதையாயினும் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அரசு வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். உழவர் வேலி போடலாம். பாதை குறுக்கிடும் இடத்தில் வாயிலோ மரப்படியோ இருக்கவேண்டும். இருபது ஆண்டுகள் பொதுமக்கள் தடையின்றி நடந்த பாதை பொதுப்பாதையாகவே கருதப்படும். இவ்வுரிமைகள் தாமாகக் கனிந்தவை அல்ல. 1932இல் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தொழிலாளர் பலர் தடையை மீறி ஏறினர், ஐவர் சிறை சென்றனர்.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என எண்ணவேண்டாம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமும் அதே இருபது ஆண்டுக் கணக்கையே சொல்கின்றது: அத்தனை காலம் உரிமையோடும் வெளிப்படையாகவும் தடையின்றியும் பயன்படுத்திய வழிக்கு வழியுரிமை உண்டு. அதே 1882இல் பிறந்ததுதான் சென்னை வனச்சட்டமும். காப்புக்காடாக அறிவிக்குமுன் வழியுரிமை, மேய்ச்சலுரிமை, நீருரிமை கோருவோரைக் கேட்கவேண்டும் என்று அச்சட்டமே கூறுகின்றது. ஊர்க் கணக்கில் வண்டிப்பாதைப் புறம்போக்கும் ஓடைப் புறம்போக்கும் தனித்தனியே பதிவாகியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைக் கேட்டுப் பார்க்கலாம். எத்தனை ஊர்களில் எவர் கேட்கின்றனர்? பாதையில் நடப்போர் குறையக் குறைய, வேலி ஓரடி ஓரடியாய் நகர்ந்து வருகின்றது. ஜீப்பு வந்தபின் இவ்வடிவாரப் பாதையில் நடப்பவர் மாடு மேய்ப்போர் மட்டுமே. வேலியிட்டவரை மட்டும் குறைகூறவும் எமக்கு மனம் வரவில்லை. இரவில் காட்டுப்பன்றி வந்து மொச்சையைப் புரட்டிப் போட்டால் அவர்தாம் என் செய்வார்?

காட்டுக்குள் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்ணொருவர் எங்களைக் கண்டு நிமிர்ந்தார். அன்னையார் குரல் கொடுத்தார்: "தாயி, இந்தப் பக்கம் ஒரு பாதை இருந்துச்சும்மா. எங்கய்யா மலையிலருந்து இதுலதான் வருவாரு."

அந்தப் பெண் சிறிது நேரம் பார்த்துவிட்டு அருகே வந்தார். "எனக்குத் தெரியாது பெரியம்மா, நான் வாக்கப்பட்டு வந்து ஆறு வருசந்தான். ஆனா எங்க மாமியாரும் அப்பிடித்தான் சொல்லும்" என்றவர், வேலியோரம் நடந்து, கல்தூணில் சுற்றியிருந்த கம்பியை அவிழ்த்து, காலால் அழுத்திப் பிடித்தார். முதலில் அன்னையாரின் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார், பின்னர் கையை.

அன்னையாரின் வீடு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி நிற்கின்றது. அதன் நிழலில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அங்கிருந்து தார்ச்சாலை வழியே தெற்கே அரைமணி நடந்து, ஒன்பதரை மணிக்குத் தொடங்கிய பேருந்து நிறுத்தத்திற்கே வந்து சேர்ந்தோம். மூன்று மணி நேரம்; பேச்சுக்கும் பாறைமேல் அமர்ந்ததற்கும் போக நடை இரண்டு மணிக்குள்தான் இருக்கும். தொலைவை அளந்தோமில்லை. கட்டணம் ஏதுமில்லை. செல்ல விரும்பும் குடும்பத்தார் மார்கழி, தை மாதங்களைத் தேர்க. காலுறையோடு கூடிய செருப்பு அணிக. எல்லைக்கல்லுக்கு மேலே ஏறாதிருக்க. வயலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டபின் நடக்க.

அந்தப் பெண் அன்னையாரின் முந்தானையில் இரண்டு படி பச்சை மொச்சைக்காய் கொட்டி அனுப்பியிருந்தார். காசு கொடுத்ததற்கு வாங்கவில்லை. பேருந்தில் பேத்தியை மடி விரிக்கச் சொல்லி அதை உரிக்கத் தொடங்கினார் அன்னையார். போடி வந்து சேர்வதற்குள் பாதியை உரித்து முடித்திருந்தார்கள்.